சகலையின் ஐம்பத்தைந்து வாட்ஸ்

"கரண்ட் போச்சு" என்று யாராவது சொன்னால் மீட்டருக்குக் காது எரியும். போனது கரண்ட் இல்லை, வோல்டேஜ் என்பார். வோல்டேஜ் வராததால்தான் கரண்ட் ஓடவில்லை என்பார். இருட்டில் மெழுகுவத்தியைத் தேடித் தடவிக்கொண்டிருக்கும் மனைவியிடமும் இதையே சொல்வார். மெழுகுவத்தியைத் தேட மட்டும் எழுந்திருக்க மாட்டார்.

மீட்டர் என்பது தொழிற்சாலையில் வைத்த பெயர். ஹீட்டர் காயில் செய்கிற தொழிற்சாலை அது. அங்கே பரிசோதனைப் பிரிவுக்கு அவர்தான் தலை. முகத்துக்கு நேரே 'சார்', முதுகுக்குப் பின்னால் 'மீட்டர்'. அந்தப் பெயர் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. துல்லியத்தைப் பாராட்டி வைத்த பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தார் பாவம்.

அவருடைய மேசைக்கு வரும் ஒவ்வொரு காயிலுக்கும் ஒரே சடங்குதான். வோல்டேஜ் கொடு, எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று பார். வோல்டேஜைக் கரண்டால் வகுத்தால் மின்தடை, அதாவது இத்தனை ஓம். இரண்டையும் பெருக்கினால் திறன், அதாவது இத்தனை வாட்ஸ். இதற்கு மேல் உலகத்தில் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை என்பது மீட்டரின் கட்சி. எப்போது வகுக்க வேண்டும், எப்போது பெருக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் மனிதர்கள். மற்றவர்களும் இருக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், தூங்குகிறார்கள், ஓட்டுப் போடுகிறார்கள். இந்த மற்றவர்களில் அவருடைய முதலாளி, மாடி வீட்டுக்காரர், மனைவியின் சொந்தபந்தம் மொத்தமும் அடக்கம்.

தப்பு செய்தவனை அவர் திட்டவே மாட்டார். பாராட்டுவார். புதிதாகச் சேர்ந்த ஒருவன் வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கி வைத்துவிட்டான். மீட்டர் மொத்தப் பிரிவையும் கூப்பிட்டு நிற்க வைத்து, "கையக் குடுங்க தம்பி. இப்படி ஒரு ரெசிஸ்டன்ஸ இந்தக் கம்பெனி பார்த்ததே இல்ல" என்று கை குலுக்கினார். அவனும் வெட்கத்தோடு "தேங்க்ஸ் சார்" என்றான். அவன் விஷயத்தைப் புரிந்துகொண்டு தலைகுனிய ஒரு வாரம் ஆயிற்று. அந்த வாரம் முழுக்க மீட்டருக்குப் பசி நன்றாக எடுத்தது. திட்டினால் முட்டாள் அன்றைக்கே திருந்திவிடுவான், அதில் என்ன சுகம் இருக்கிறது? பாராட்டினால் அவன் பாட்டுக்கு முட்டாளாகவே திரிவான், நாம் உட்கார்ந்து ரசிக்கலாம்.

அவருடைய பாராட்டைக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஒரே ஜீவன் அவர் மனைவி. கிண்டலாகப் பாராட்டும்போது அவர் உதட்டின் இடது ஓரம் ஒரு நூல் அளவு மேலே ஏறும். ஏறினால் யாரோ தொலைந்தார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

மீட்டரின் வெறுப்புகளிலேயே மிகச் செழிப்பாக வளர்ந்தது சகலைமேல் உள்ள வெறுப்பு. சகலை என்றால் மனைவியின் தங்கை புருஷன். சுற்றுலாக் கும்பல்களை ஊர் ஊராக, நாடு நாடாகக் கூட்டிக்கொண்டு போகிற தொழில். வாய் ஓயாது. சிரித்தால் தெருமுனை வரை கேட்கும். வீட்டில் எந்தப் பொருள் கெட்டாலும் ஒரு கத்தியையும் கறுப்பு டேப்பையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒருமுறை சுவிட்சைத் திறந்து, எந்தக் கம்பியில் உயிர் இருக்கிறது என்று புறங்கையால் தட்டிப் பார்த்தார். தூக்கியடித்து விழுந்து எழுந்து, "இருக்கு, இருக்கு" என்று சொல்லிச் சிரித்தார். குடும்பமே விழுந்து விழுந்து சிரித்தது. மீட்டர் மட்டும் சுவரோர நாற்காலியில் உட்கார்ந்து, அந்த உடம்பின் வழியாக எத்தனை மில்லி ஆம்பியர் போயிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் போயிருக்கலாம் என்று தோன்றியதையும் மறைப்பதற்கில்லை.

மாமியார் அந்தச் சகலை வீட்டில்தான் இருந்தார், இரண்டாவது மாடியில். சகலையை அவர் 'தம்பி' என்பார், கேலி பேசுவார், தட்டில் வேண்டாம் வேண்டாம் என்றாலும் இன்னொரு கரண்டி போடுவார். மீட்டரை 'பெரிய மாப்ள' என்பார். அவர் உள்ளே வந்தால் டிவியின் சத்தத்தைக் குறைப்பார், காலை மடக்கி நேராக உட்காருவார், "வேலையெல்லாம் எப்படி?" என்று கேட்டுவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொள்வார். அவனுக்குச் சிரிப்பு, எனக்கு மௌனம் என்று மீட்டர் கணக்கு வைத்திருந்தார். இந்தக் குடும்பத்துக்கு அறிவு என்றால் ஆகாது, கோமாளிதான் வேண்டும் என்று மனைவியிடம் சொல்லியும் இருக்கிறார். அவள் பதில் சொல்லவில்லை. அதையும் அவர் தன் கட்சிக்குச் சேர்த்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அங்கே சாப்பிட்டு முடித்திருந்தார்கள். மீட்டரின் மனைவி உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மாமியார் அறையிலிருந்து கூடத்துக்கு வந்தார், ஒரு காலில் செருப்பு, இன்னொரு கால் வெறுங்கால். கழன்ற செருப்பு வாசற்படியில் கிடந்தது. அவருக்கு அது தெரியவே இல்லை.

"அத்தை, ஒரு கால் செருப்பு ஸ்டிரைக் பண்ணுது" என்று சகலை ஓடிப்போய் எடுத்து வந்து, குனிந்து காலில் மாட்டிவிட்டார்.

"சர்க்கரை வந்ததுலேர்ந்து பாதம் இருக்கா இல்லையான்னே தெரியல தம்பி" என்றார் மாமியார். "முட்டி இருக்கறது மட்டும் நல்லா தெரியுது. வலி உயிர் போகுதே."

"அதுக்குத்தான் மருந்து கொண்டாந்திருக்கேன்" என்று சகலை உள்ளே போய் ஒரு பொட்டலத்தைக் கொண்டு வந்தார். போன வாரம்தான் ஒரு கும்பலோடு வெளிநாடு போய்விட்டு வந்திருந்தார். பொட்டலத்தைப் பிரித்தால், தலையணை உறை அளவில் துணி தைத்த ஒரு பட்டை. அதிலிருந்து ஒரு ஒயர், ஒயரின் நடுவில் மூன்று படி உள்ள ஒரு சுவிட்ச். கம்மி, நடு, ஜாஸ்தி. வலிக்கிற இடத்தில் சுற்றிக்கொண்டு சுவிட்சைப் போட்டால் சூடு கொடுக்கும்.

மச்சினி அதைத் திருப்பிப் பார்த்தாள். "இதுல நூத்திப்பத்து வோல்ட்னு போட்டிருக்கே. அந்த ஊர் வேற, நம்ம ஊர் வேற இல்ல?"

மீட்டருக்கு ஆச்சரியம். இந்த வம்சத்தில் ஒருத்திக்குக் கண் இருக்கிறதே என்று நினைத்தார். ஆனால் மச்சினி புருஷனைப் பார்த்துத்தான் கேட்டாள், அவரைப் பார்த்துக் கேட்கவில்லை. வந்த ஆச்சரியம் அப்படியே போய்விட்டது.

"அதெல்லாம் பிளேன்லயே கணக்குப் போட்டாச்சு" என்றார் சகலை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, பொட்டலத் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். "நூத்திப்பத்து வோல்ட், அரை ஆம்ப்னு போட்டிருக்கான். பெருக்கு. அம்பத்தஞ்சு வாட்ஸ். இது இந்த மெஷினோட ஜாதகம், மாறாது. நம்ம ஊர்ல எவ்வளவு? இருநூத்தி இருபது. இப்போ அம்பத்தஞ்ச இருநூத்தி இருபதால வகு. கால் ஆம்ப். பார்த்தீங்களா? வோல்டேஜ் ஏறினா கரண்ட் தன்னால இறங்கிடும். தராசு மாதிரி. வாட்ஸ் அதே அம்பத்தஞ்சு."

மீட்டருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எத்தனையோ முட்டாள்தனத்தைப் பார்த்தவர்தான். ஆனால் இது சாதாரண முட்டாள்தனம் இல்லை. பெருக்கலும் வகுத்தலும் சரியாகச் செய்து, கோடு கிழித்து, விடைக்கு அடியில் இன்னொரு கோடும் கிழித்த முட்டாள்தனம்.

பட்டைக்குள் இருப்பது ஒரு கம்பிச்சுருள். அதற்கு ஜாதகம் என்று ஒன்று இருந்தால் அது வாட்ஸ் இல்லை, மின்தடைதான். நூற்றுப்பத்தை அரையால் வகுத்தால் இருநூற்று இருபது ஓம். கம்பி எந்த நாட்டில் இருந்தாலும் அவ்வளவுதான். தான் எங்கே வந்திருக்கிறோம் என்று அதற்குத் தெரியாது. இங்கே இருநூற்று இருபது வோல்ட் கொடுத்தால் கரண்ட் பாதியாகாது, இரண்டு மடங்காகும். ஒரு முழு ஆம்பியர். பெருக்கினால் இருநூற்று இருபது வாட்ஸ். ஐம்பத்தைந்தைப் போல நான்கு மடங்கு. சகலை பேனாவுக்கு மூடி போடுவதற்கு முன்பே மீட்டர் இதைப் போட்டு முடித்துவிட்டார்.

"என்ன சகலை, சரிதானே? நீங்கதான் இதுல புலி" என்று தாளை நீட்டினார் சகலை.

மாமியாரும் மீட்டரைத்தான் பார்த்தார். "பெரிய மாப்ள சொல்லட்டும்" என்றார். பட்டையை அவர் இன்னும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மீட்டர் இதைக் கவனிக்கவில்லை. அவர் கண்ணெல்லாம் சகலையின் மூஞ்சியில்தான் இருந்தது. பரீட்சைத்தாளை நீட்டுகிறவனைப் போல அந்த மூஞ்சி மலர்ந்திருந்தது. இன்னும் ஐந்து நிமிஷத்தில் புகை வரும், நாற்றம் வரும், இந்த மலர்ச்சி வாடுவதைப் பார்த்துவிடலாம் என்று அவர் வாய் ஊறியது.

எழுந்தார். கையை நீட்டினார். "கையக் குடுங்க சகலை. கணக்குன்னா இதுதான் கணக்கு. எங்க கம்பெனியில இருக்க வேண்டிய ஆளு நீங்க."

சகலைக்குக் காது மடல் சிவந்துவிட்டது. இரண்டு கையாலும் மீட்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, "சகலை வாயால கேட்டுட்டேன், இது போதும்" என்றார். உதட்டின் இடது ஓரம் ஏறியதைப் பார்க்க வேண்டியவள் உள்ளே குழாயைத் திறந்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள்.

பிளக்கைச் செருகினார்கள். சகலை பட்டையை முதலில் தன் முட்டியிலேயே சுற்றிக்கொண்டு சுவிட்சைக் 'கம்மி'யில் வைத்தார். மீட்டர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். ஒரு நிமிஷம் போயிற்று, பல நிமிஷம் போயிற்று. புகை வரவில்லை. "ஆகா, இதமா இருக்கு" என்றார் சகலை. மச்சினி தொட்டுப் பார்த்து "ஆமா" என்றாள். மாமியார் வாங்கி முட்டியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

மீட்டருக்கு முகம் தொங்கிவிட்டது. அப்புறம்தான் பிடிபட்டது. 'கம்மி'யில் வைத்தால் உள்ளே இன்னும் நீளமான கம்பி வழியாகக் கரண்ட் போகும். அந்தப் படியில் தடை நான்கு மடங்கு இருக்கும் என்று வைத்துக்கொண்டால் எண்ணூற்று எண்பது ஓம். இருநூற்று இருபதை அதால் வகுத்தால் கால் ஆம்பியர். பெருக்கினால்... பெருக்கினால் ஐம்பத்தைந்து! அந்த மடையன் தாளில் எழுதிய அதே எண். தப்புத் தப்பாகக் கணக்குப் போட்டு, குருட்டு அதிர்ஷ்டத்தில் சரியான சூட்டில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறான். உலகம் எப்போதும் கோமாளிகளுக்குத்தான் குடை பிடிக்கும் என்று மீட்டர் பொருமினார்.

அந்த நிமிஷத்தில்கூட வாயைத் திறந்து, "கம்மியிலேயே வைங்க, மேல போகாதீங்க, ஜாஸ்தியில வெச்சா நாலு மடங்கு சூடு" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும்? "அட, நல்லவேளை சொன்னீங்க" என்பார் சகலை, சிரிப்பார், எல்லோரும் சிரிப்பார்கள், பட்டை ஹிட் ஆகிவிடும். சொல்லாவிட்டால்? என்றைக்காவது யாராவது 'ஜாஸ்தி'யில் வைப்பார்கள். உள்ளே ஒரு பாதுகாப்பு ஃபியூஸ் இருக்கும், அது போய்விடும். நாற்றம் வரும். சகலையின் பரிசு குப்பைக்குப் போகும். அப்போது மீட்டர் வருவார். ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு வரியாக, மெதுவாக, எல்லோர் முன்னாலும் விளக்குவார். முதல் வாக்கியத்தைக்கூடத் தயார் செய்துவிட்டார்.

மாமியாரின் பாதம் ஞாபகத்துக்கு வந்ததா என்றால், வந்தது. கிளம்பும்போது வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தவர் மாமியார் காலில் இருந்த அந்தச் செருப்பைப் பார்த்தார். ஒரு கணம் கை நின்றது. முட்டிக்குத்தானே போடப்போகிறார், முட்டியில்தான் உணர்ச்சி இருக்கிறதே, சுட்டால் தூக்கி எறிந்துவிட மாட்டாரா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்தப் பதிலில் தப்பு எதுவும் தெரியவில்லை. முடிச்சைப் போட்டுக்கொண்டு படி இறங்கினார்.

பஸ்ஸில் மனைவி கேட்டாள். "அங்க என்னத்தப் பாராட்டினீங்க?"

"ஏன் கேக்கற?"

"தங்கச்சி வாயெல்லாம் பல்லா வந்து சொன்னா. மாமா எங்க வீட்டுக்காரருக்குக் கை குடுத்தாருன்னு. கல்யாணம் ஆனதுலேர்ந்து நீங்க ஒருத்தரப் பாராட்டி அவங்களுக்கு நல்லது நடந்து நான் பார்த்ததில்ல. என்ன விஷயம்?"

"உன் தங்கச்சி புருஷன் கணக்குல கெட்டிக்காரன்னு சொன்னேன். அது ஒரு குத்தமா?"

அவள் அவருடைய உதட்டைப் பார்க்கத் திரும்பினாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டார், பேச்சு அத்தோடு போய்விட்டது.

அதற்கப்புறம் போன் அடிக்கும்போதெல்லாம் மீட்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். 'அப்படியா சகலை? புகையா? கணக்கு சரியாத்தானே இருந்துது?' என்று எந்த ராகத்தில் கேட்பது என்று குளியலறையில் ஒத்திகை பார்த்தார். போன் எல்லாம் வேறு யாரோ. பொறுக்க முடியாமல், டீ இடைவேளையில் தன் உதவிப் பொறியாளரிடம் கதையைச் சொன்னார். தாளில் எழுதிக் காட்டி, சகலையின் குரலிலேயே "இது மெஷினோட ஜாதகம்" என்று சொல்லிக் காட்டி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"யாருக்கு சார் அந்தப் பட்டை?" என்று கேட்டார் உதவிப் பொறியாளர்.

"எங்க மாமியாருக்கு."

"அப்புறம் சொல்லிட்டீங்கல்ல?"

"சொல்லிட்டா எப்படிய்யா ரசிக்கறது?"

உதவிப் பொறியாளர் சிரிக்கவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். இவனுக்கு நகைச்சுவை உணர்வு கிடையாது, வேலையில் எப்படி மேலே வருவான் என்று மீட்டர் நினைத்துக்கொண்டார்.

போன் வந்தபோது பேசியது சகலை இல்லை. மச்சினி. ஒத்திகை பார்த்த வாக்கியத்தைச் சொல்ல அவர் வாயைத் திறந்ததும், அந்தப் பக்கம் அழுகை கேட்டது.

"மாமா, அம்மாவுக்குக் கால் வெந்துபோச்சு மாமா."

நடந்தது இதுதான். அன்றைக்கு மழை. வீட்டில் மாமியார் மட்டும். முட்டி சும்மாதான் இருந்தது, பாதம்தான் தொட்டால் சில்லென்று இருந்தது. பட்டையை இரண்டு பாதத்திலும் சேர்த்துச் சுற்றிக்கொண்டார். 'கம்மி'யில் வைத்தார், ஒன்றும் தெரியவில்லை. 'நடு'வில் வைத்தார், ஒன்றும் தெரியவில்லை. 'ஜாஸ்தி'யில் வைத்துவிட்டு, மழைச் சத்தத்தில் அப்படியே கண் அயர்ந்துவிட்டார். உள்ளே இருந்த ஃபியூஸ், மீட்டர் போட்ட கணக்குப்படியே கடைசியில் போனது. என்ன, கொஞ்சம் தாமதமாகப் போனது. மாமியார் முழித்துக்கொண்டது வலியால் இல்லை, நாற்றத்தால். அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று நினைத்து, அணைக்கலாம் என்று எழுந்து நின்றிருக்கிறார். நின்ற பிறகுதான் கீழே பார்த்திருக்கிறார்.

மீட்டரும் மனைவியும் ஆஸ்பத்திரிக்குப் போனபோது நோயாளிகளைப் பார்க்கிற சாயங்கால நேரம். ஆறு கட்டில் உள்ள வார்டு. ஜன்னலோரக் கட்டிலில் மாமியார், இரண்டு காலும் கட்டுப் போட்டு உயர்த்தி வைத்திருந்தது. மச்சினி முகத்தைத் துடைத்துக்கொண்டே பழச்சாறு கலக்கிக்கொண்டிருந்தாள். சகலை கட்டிலின் கால் பக்கம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யாத முகம். மீட்டரைப் பார்த்ததும் எழுந்தார்.

"என் கணக்குதான் சகலை எங்கயோ தப்பு" என்றார். சத்தமே இல்லாத குரல். அவரிடம் இப்படி ஒரு குரல் இருப்பது மீட்டருக்குத் தெரியாது. "எத்தனை தடவை போட்டுப் பார்த்தாலும் அம்பத்தஞ்சுதான் வருது. எங்க தப்புன்னே தெரியல. நானே அவங்க கால எரிச்சுட்டேன்."

மீட்டர் பல நாள் காத்திருந்த முகம் அவர் முன்னால் இருந்தது. மலர்ச்சி சுத்தமாகப் போயிருந்தது. அதைப் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை.

"நீங்க சும்மா இருங்க தம்பி" என்றார் மாமியார். காய்ச்சலில் உதடு காய்ந்திருந்தது. "வந்ததுலேர்ந்து இதையே சொல்லிட்டு அழுவறாரு மாப்ள. நீங்களாவது சொல்லுங்க அவருக்கு. எனக்கு மனுஷாளத் தெரியாதா? இவருக்குப் பாசம் ஜாஸ்தி, விவரம் கம்மி. இவர் கொண்டாந்தப்ப நான் அதத் தொடவே இல்ல. தொடறதாவும் இல்ல. இவர் பேச்சைக் கேட்டுக் கரண்டுல கை வைக்க எனக்கென்ன பைத்தியமா? நீங்க சொன்னீங்க, அப்புறம்தான் எடுத்தேன். ஒருத்தர் செஞ்சத நல்லா இருக்குன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதே இல்ல. அப்படிப்பட்ட நீங்க எழுந்திருச்சுக் கை குடுத்துச் சொன்னா, அதுக்கு மேல என்ன வேணும்? அதனால கணக்கு சரிதான். மெஷின்தான் கோளாறு. அந்த ஊர்க்காரன் ஏமாத்திட்டான்."

மீட்டர் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார். இத்தனை வருஷமாகக் கரண்டிக்கணக்கையும் சிரிப்புக்கணக்கையும் எண்ணிக்கொண்டிருந்தவர் அவர். தான் உள்ளே வந்தால் டிவியின் சத்தம் குறைவது எதற்காக என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அந்த வீட்டில் யாருடைய பேச்சுக்கு எடை இருந்தது என்பது இப்போதுதான் தெரிந்தது. அந்த எடையை அவர் எங்கே கொண்டுபோய் வைத்தார் என்பது கட்டுப் போட்டுக் கண் முன்னால் கிடந்தது.

மனைவி கட்டிலின் அந்தப் பக்கம் நின்றிருந்தாள். பார்த்துக்கொண்டிருந்தது அம்மாவை இல்லை, அவரை.

"கணக்கு சரியாங்க?" என்று கேட்டாள்.

"தப்பு" என்றார் மீட்டர்.

"அது எப்போ தெரிஞ்சுது உங்களுக்கு?"

இப்போதுதான் என்று சொல்லிவிடலாம். மெஷினைப் பிரித்துப் பார்த்தேன், அப்போதுதான் என்று சொல்லிவிடலாம். வாயில் அது தயாராகவே இருந்தது. சகலை வேறு தலையைத் தூக்கி, தன் கணக்கில் எங்கே தப்பு என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்பதுபோல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பவே தெரியும்" என்றார் மீட்டர். "அவர் எழுதிக்கிட்டிருக்கும்போதே. நாலு மடங்கு சூடாகும்னு தெரியும். தெரிஞ்சேதான் சரின்னு சொன்னேன். கிண்டலுக்கு."

மச்சினியின் கையில் கரண்டி நின்றது. பக்கத்துக் கட்டில்காரர் இருமினார். மீட்டர் தலையைக் குனிந்துகொண்டார். வரட்டும், எது வந்தாலும் வாங்கிக்கொள்வது என்று நின்றார்.

மாமியார் சிரித்தார். காய்ந்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டு, அந்த நிலைமையிலும் சிரித்தார்.

"பார்த்தீங்களா தம்பி?" என்றார் சகலையிடம். "நீங்க அழுவறதப் பொறுக்காம, பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்கறாரு. இப்படி ஒரு சகலை யாருக்குக் கிடைக்கும்?"

"இல்ல அத்தை, நெஜமாத்தான் சொல்றேன்."

"நெஜமாத்தான் சொல்வீங்க. உங்க குணம் எனக்குத் தெரியாதா?"

சகலை ஸ்டூலைத் தள்ளிவிட்டு வந்து மீட்டரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "வேண்டாம் சகலை, எனக்காக நீங்க இதையெல்லாம் ஏத்துக்க வேண்டாம்" என்று அந்தக் கைகளில் முகத்தைப் புதைத்து அழுதார். ஈரம் விரல் இடுக்கில் இறங்கியது. மீட்டர் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார், சகலை விடவில்லை. கிண்டலை உண்மை என்று எடுத்துக்கொண்ட குடும்பம் இப்போது உண்மையைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டது. இதற்கு மேல் எந்த வார்த்தையில் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு முறை உண்மையைச் சொன்னால், அதைக்கூட இந்த மூடர்களுக்கு நம்பத் தெரியவில்லை என்று, அந்த நேரத்திலும் பழக்கதோஷத்தில் ஒரு எண்ணம் ஓடியது.

நம்பியது மனைவி ஒருத்திதான்.

"சரி, அது கிடக்கட்டும்" என்றார் மாமியார். "மாப்ள, நீங்க வரட்டும்னுதான் காத்துட்டிருந்தேன். டாக்டர் காலைல வந்து பார்த்தாரு. இடது கால்ல ரெண்டு விரல எடுத்தாகணும்கறாரு. எடுக்கலேன்னா மேல ஏறிடுமாம். இன்னொரு டாக்டர் நாலு நாள் பொறுத்துப் பார்க்கலாம்கறாரு. எனக்கு என்ன தெரியும்? எங்க பெரிய மாப்ளய ஒரு வார்த்தை கேட்டுட்டு சொல்றேன்னு ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிட்டேன். நீங்க சொல்லுங்க. எடுத்துடலாமா?"

மீட்டரின் வாய் திறந்தது.

மனைவி கட்டிலைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள். அம்மாவுக்கும் அவருக்கும் நடுவில் நின்றாள்.

"அவரக் கேக்காதம்மா" என்றாள். "நான் டாக்டரக் கூட்டிட்டு வரேன்."

மாமியார் மகளின் இடுப்புக்கு அந்தப் பக்கம் தலையைச் சாய்த்து, பெரிய மாப்பிள்ளை என்ன சொல்கிறார் என்று பார்த்தார்.